தெரியாமையும் நம்பிக்கையும் – கடிதம்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைக் கல்லூரி நாட்களிலிருந்து வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. எனக்கு 24 வயது. அரசு கவின்கலைக் கல்லூரி ஒன்றில் ஓவியம் படித்து முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் வரைகிறேன்.

என் அப்பா சுவர் விளம்பரமும் கடைப் பெயர்ப் பலகையும் எழுதியவர். இளமையில் சினிமா பேனர் வரையும் கூடம் ஒன்றில் கட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்திருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை கொடுத்த கடைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இப்போது ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். நான் ஓவியம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் இன்றுவரை என் ஓவியம் ஒன்றின் முன்கூட அவர் நின்று பார்த்ததில்லை.

மூன்று ஆண்டுகளாக நான் ஒரே பொருளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள சுவர்களில் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய பழைய விளம்பரங்களின்மேல் பிற்பாடு சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். சுண்ணாம்பு பெயர்ந்த இடங்களில் அடியிலிருக்கும் எழுத்துகள் பாதி பாதியாக வெளியே தெரிகின்றன. அந்தச் சுவர்களை வரைகிறேன். கல்லூரியில் ஓர் ஆசிரியர், “உன்னிடம் இருக்கிறது, விட்டுவிடாதே” என்றார். நான் மிகவும் மதிக்கும் இன்னோர் ஆசிரியர், “கை நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் நீ இல்லை” என்றார். ஆண்டுக் கண்காட்சி ஒன்றுக்கு இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் காரணம் சொல்லாமல் திரும்பி வந்தது. யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். என்னிடம் திறமை இல்லையென்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வதுதானே நல்லது? தெரியாத ஒன்றின்மேல் நம்பிக்கை வைப்பது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதாகாதா? தோழிகள், “எதற்கும் ஒரு சாத்தியம் இருக்கிறது” என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குத் தாத்தாவின் நினைவு வருகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை அவர் வாரம் தவறாமல் சீட்டு வாங்கியவர். விழாத சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. என் ஓவியங்களைச் சுருட்டி அதே பரணில் வைக்கும்போதெல்லாம் இரண்டும் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது.

மூன்று ஓவியங்களின் படங்களை இணைத்திருக்கிறேன். பாராட்டு வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச.
(பெயரும் ஊரும் அவர் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டுள்ளன.)

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. தாமதத்துக்கு மன்னியுங்கள். உடனே எழுதியிருந்தால் ஆறுதலாகத்தான் எழுதியிருப்பேன். அதை நீங்கள் கேட்கவில்லை.

கேட்ட உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் திறமை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் ஓவியன் அல்லன் என்பது ஒரு காரணம், ஆனால் அது சிறிய காரணம். தேர்ந்த ஓவியர் ஒருவர் உங்கள் ஓவியங்கள் அனைத்தையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் பார்த்தாலும், நீங்கள் எதிர்பார்க்கும் விடையை அவராலும் சொல்ல முடியாது என்பதே பெரிய காரணம். ஏன் முடியாது என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

உண்மை என்ற ஒரே சொல்லை நாம் இருவேறு பொருள்களில் வழங்குகிறோம். உங்கள் இரத்த வகை என்ன என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது ஏற்கெனவே உங்கள் உடலில் இருக்கிறது. ஒரு துளியைக் கொடுத்தால் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். ‘நான் ஓவியரா’ என்ற கேள்வி அத்தகையதல்ல. அதற்குரிய விடை எங்கோ ஓர் உறையில் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருப்பதாகவும், உங்கள் ஆசிரியர்களில் ஒருவர் அதைச் சரியாகப் படித்துவிட்டதாகவும், மற்றவர் தவறாகப் படித்துவிட்டதாகவும் நீங்கள் எண்ணுகிறீர்கள். அந்த உறைக்குள் இருக்கும் தாளில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. இருவரும் ஊகித்தார்கள், அவ்வளவுதான். முதலாமவர் உங்கள் விடாப்பிடியைக் கண்டு ஊகித்திருக்கலாம். இரண்டாமவர் அன்று தம் முன்னால் இருந்த ஓவியத்தில் ஒரு குறையைக் கண்டு சொன்னார். அந்த ஓவியத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கக்கூடும். அதை உங்கள் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாக மாற்றிக்கொண்டது நீங்கள்தான்.

உண்மை இன்னும் உருவாகாத இடத்தில் சாத்தியத்தை நம்புவது பொய்யை நம்புவதாகாது. அந்த இடத்தில் நம்புவதற்கு வேறொன்றும் கிடையாது. ‘என்னால் ஆகாது’ என்று முடிவுகட்டிவிடுவது நேர்மையாகவும் துணிச்சலாகவும் தோன்றும். ஆனால் அதற்கு மட்டும் எங்கிருந்து ஆதாரம் வந்தது? ‘என்னால் ஆகும்’ என்பதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறதோ அவ்வளவுதான் அதற்கும். கசப்பாக இருப்பதெல்லாம் மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துப் பழகிவிட்டதால், அவநம்பிக்கையை நாம் விசாரிக்காமலேயே உள்ளே விட்டுவிடுகிறோம். நம்பிக்கையை வாசலில் நிறுத்திக் கேட்கும் அத்தனை கேள்விகளையும் அதனிடமும் கேளுங்கள்.

உங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியை எளிதாகக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தின் கூர்மையான இடம் அதுதான். சாத்தியம் என்ற சொல்லின் மேல் அதைவிடக் கடுமையான கேள்வியை யாரும் எழுப்பிவிட முடியாது. ஆகவே அந்தச் சீட்டுகளைச் சற்று எடுத்துப் பார்ப்போம். சீட்டை வாங்கிய அந்தக் கணத்தோடு தாத்தாவின் பங்கு முடிந்துபோகிறது. அதன்பிறகு அவர் விரதம் இருந்தாலும், எண்ணை மனப்பாடம் செய்தாலும், சீட்டைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாலும் குலுக்கலில் எதுவும் மாறப்போவதில்லை. நூறாவது சீட்டு முதல் சீட்டைக் காட்டிலும் இம்மியும் மேலானதல்ல, ஏனென்றால் இடையில் வாங்கிய சீட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ள அதற்கு எதுவும் இருக்கவில்லை.

உங்கள் ஓவியங்கள் அப்படியா? நீங்கள் அனுப்பிய படங்களில் முதலாவதில், எழுத்துகள் அனைத்தையும் முழுமையாக எழுதிவிட்டு, அவற்றின்மேல் மெல்லிய வெள்ளையை ஒரு திரைபோலப் பரப்பியிருக்கிறீர்கள். சுவரைப் பார்த்து வரைந்த நல்ல ஓவியம் அது. மூன்றாவதில் வேறொன்று நடந்திருக்கிறது. எழுதி, அதன்மேல் கனமாக வெள்ளையைப் பூசி, அது முழுவதும் காய்வதற்குள் ஆங்காங்கே சுரண்டி எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுவருக்கு இருபது ஆண்டுகளில் நடந்ததை நீங்கள் துணிக்கு நடத்தியிருக்கிறீர்கள். அதில் ஒரு ‘ழ’வின் கீழ்ச்சுழி மட்டும் வெளியே வந்திருக்கிறது, அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஓவியத்திலிருந்து மூன்றாவது ஓவியத்துக்கு வந்து சேர்ந்த வழி அந்த ஓவியங்களிலேயே தெரிகிறது. ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக்கட்டில் அப்படியொரு வழியை யாராலும் காட்ட முடியாது.

கலைஞரின் வாழ்க்கையில் லாட்டரியே இல்லை என்று நான் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். எந்தத் தேர்வுக் குழுவில் யார் இருந்தார்கள், அந்த ஆண்டு அவர்களுக்கு எது பிடித்திருந்தது, கண்காட்சிக் கூடத்துக்குள் யார் நுழைந்தார்கள், யாருடைய கையில் அன்று பணம் இருந்தது, எந்தப் பத்திரிகையில் யாருக்கு இடம் கிடைத்தது ஆகிய அனைத்தும் குலுக்கல்தான். காரணம் சொல்லாமல் திரும்பி வந்த உங்கள் விண்ணப்பங்கள் இரண்டும் விழாத சீட்டுகளே. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உங்களைப் பற்றி எதையும் அறிந்துகொள்ள முடியாது. தொடர்ந்து அனுப்புங்கள், அனுப்பியதும் மறந்துவிடுங்கள். பரணில் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியவை அந்த மறுப்புக் கடிதங்கள்தான். ஓவியங்களைக் கீழே இறக்கி வெளிச்சத்தில் வையுங்கள்.

வரைவதையும் இந்தக் குலுக்கலையும் பிரித்து வைப்பதென்பது சொல்லுவதற்கு எளிது; பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டியவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. இதை யோசித்து, யோசனையோடு நின்றுவிடாமல் மணலில் குடிசை போட்டுக் காட்டிய ஒருவர் நம்மிடையே இருந்தார். அவரைப் பற்றிக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தார். தந்தையின் மறைவுக்குப் பிறகு குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னையின் அரசு ஓவியப் பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில், மாணவராக நுழைந்தபோது அவருக்கு ஏறத்தாழ 25 வயது. உங்களைவிட ஒரு வயது கூடுதலான அந்த இளைஞர் அப்போதுதான் தொடங்குகிறார். பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957-இல் அப்பள்ளியின் முதல்வர் பொறுப்புக்கு வந்தார்.

முதல்வர் நாற்காலியில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் அவர் பார்த்தது என்னவென்றால், நன்றாக வரையத் தெரிந்த இளைஞர்கள் படிப்பை முடித்து வெளியே போனதும் வரைவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைத்தான். அன்றைய சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். நவீன ஓவியத்துக்கென்று கூடங்கள் இல்லை என்றே சொல்லலாம். துணி வடிவமைப்பு, விளம்பரம், அலுவலக வேலை என்று ஒவ்வொருவரும் ஒரு திசையில் போய்விடுவார்கள். அந்த இடத்தில் நாமாக இருந்திருந்தால், இவர்களில் உண்மையான திறமை உள்ளவர் யார் என்று தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் உதவலாம் என்று நினைத்திருப்போம். பணிக்கர் அந்தக் கேள்வியைக் கையில் எடுக்கவில்லை. யாரிடம் என்ன இருக்கிறது என்பது பத்து, இருபது ஆண்டுகள் வரைந்த பின்னரே தெரியும். ஆகவே அவர்கள் அத்தனை ஆண்டுகள் வரைவதற்கு என்ன செய்யலாம் என்பதே கேள்வி என்று அவர் கண்டிருக்கிறார் என்றுதான், அவர் செய்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஏற்பாடு கைவினை. ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். மெழுகும் சாயமும் கொண்டு பாத்திக் துணிகள் செய்தார்கள், தோலிலும் உலோகத்திலும் பொருள்கள் செய்தார்கள். அவற்றை விற்ற பணம் சோற்றுக்கு ஆயிற்று. மிச்சம் பிடித்ததைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் மணற்பாங்கான கடற்கரை நிலத்தை வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது இப்படித்தான். பகலின் ஒரு பகுதியில் கைவினை, மறு பகுதியில் தம் கலை. பாத்திக் துணி விற்க வேண்டும். அது விற்கிறது என்பதால் ஓவியம் விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. ‘இது விலைபோகுமா, இது எனக்குப் பெயர் வாங்கித் தருமா, இது என்னை நிரூபிக்குமா’ என்ற கேள்விகள் எவையும் தூரிகை பிடித்த கையின்மேல் வந்து உட்கார வேண்டியதில்லை. நம்பிக்கையை நாம் மனத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒருநாள் இருக்கிறது, மறுநாள் காணவில்லை என்று கலங்குகிறோம். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அதற்கு நிலமும் கூரையும் கால அட்டவணையும் அமைத்துக் கொடுத்துவிட்டார்கள். மனம் சோர்ந்த நாளிலும் அந்தக் கூரை அங்கேயே இருந்தது.

உங்கள் பகுதிநேரப் பள்ளி வேலையைப் பற்றி ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அதைத் தோல்வியின் அடையாளமாகக் கருதுகிறீர்கள் என்று அந்த ஒற்றை வரி எனக்குச் சொன்னது. அது உங்கள் பாத்திக். ஓவியத்தின் தோளிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி வைப்பது அதுதான். அதை விட்டுவிட்டு முழுநேரமாக வரையப் போகிறேன் என்று துணிவதையும் நான் ஆதரிக்க மாட்டேன்; அதைக் கண்டு வெட்கப்படுவதையும் ஏற்க மாட்டேன்.

பணிக்கரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் சுவர்களுக்கு மிக அருகில் வருகிறது. இன்று நாம் பணிக்கர் என்றதும் நினைக்கும் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையை அவர் 1963-இல்தான் தொடங்கினார். அப்போது அவருக்கு 52 வயது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்ததிலிருந்து அது பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வரைந்து, வெளிநாடுகளில் காட்சிக்கு வைத்து, முதல்வராகவும் ஆகிவிட்டவர். ‘நான் எத்தகைய ஓவியன்’ என்ற கேள்விக்கு அவரிடமே அதுவரை முழு விடை இருந்திருக்காது. திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் அவருக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே அந்த வரிசை ஓவியங்களின் முன் நான் ஒரு பிற்பகல் முழுவதும் இருந்தேன். ஜாதகக் கட்டங்கள், சூத்திரங்கள் போன்ற கோடுகள், மலையாள எழுத்தைப் போலத் தோன்றும் நெருக்கமான வரிகள். இதோ படித்துவிடலாம் என்று தோன்றும், படிக்க முடியாது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு எப்போதென்று தெரியாமல் படிக்கும் முயற்சி நின்றுபோய், அந்த வரிகளின் முன் அமைதியாக நிற்க முடிந்தது. உங்கள் ‘ழ’வின் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிற்பகல் எனக்கு நினைவு வந்தது. நீங்கள் பணிக்கருக்கு நிகரானவர் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நிறைவுறாத சொல்லின் முன் நிற்கும்போது மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் மூன்று ஆண்டுகளாக நீங்கள் வரைந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் வாழ்க்கை மட்டும் நிறைவுற்ற சொல்லாக உடனே படிக்கக் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

“இதில் நீ இல்லை” என்ற சொல் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்று புரிகிறது. அதற்கு நான் ஜியாகோமெட்டியிடமிருந்து ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1901-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த அந்தச் சிற்பி, முப்பது வயதை ஒட்டிய காலத்திலேயே, கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிசக் குழுவில் பெயர் பெற்றுவிட்டார். 1935-இல், கற்பனையிலிருந்து செய்வதை நிறுத்திவிட்டு, உயிருள்ள மனிதரை எதிரே உட்காரவைத்து ஒரு தலையைச் செய்து பார்க்க விரும்பினார். சில நாட்களில் முடிந்துவிடும், பிறகு வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணினார். அது ஐந்து ஆண்டுகள் நீண்டது. தலை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியுமே என்று குழுவின் தலைவர் சொன்னதாகக் கூறுவார்கள். குழுவிலிருந்து அவரை விலக்கினார்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தலை தமக்குத் தெரியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. பார்க்கப் பார்க்க உருவங்கள் அவர் கையில் சிறுத்துக்கொண்டே போய், கத்தியை ஒருமுறை வைத்தால் பொடியாகிவிடும் அளவுக்கு ஆயின. போர் முடிந்த பிறகே, இன்று எங்கே கண்டாலும் அவருடையவை என்று நாம் உடனே அறிந்துகொள்ளும் நெடிய மெலிந்த உருவங்கள் வந்தன. அந்த ஆண்டுகளில் அவர் தம்மைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரின் தலையைத் தேடினார். ஆகவே ஓவியத்தில் உங்களைக் கொண்டுவந்து சேர்க்க முயலாதீர்கள். சுவரைப் பாருங்கள். சுண்ணாம்பு எந்த இடத்தில் முதலில் பெயர்கிறது, எனாமலில் எந்த வண்ணம் வெயிலைத் தாங்குகிறது, எது வெளுக்கிறது என்று பாருங்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாரோ அவரே காலப்போக்கில் அந்த ஓவியத்தில் வந்துவிடுவார்.

வாழும்போது புறக்கணிக்கப்பட்டுப் பின்னாளில் போற்றப்பட்ட ஓவியர் வான்காவின் பெயரை நான் இதுவரை சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் வயதில் உள்ளவர்களுக்கு ஆறுதல் சொல்ல எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ஆறுதலை நான் நம்புவதில்லை. முடிவு தெரிந்த கதையை எடுத்து, அதன் முடிவை இன்னும் முடியாத ஒருவரின் கதைக்குக் கடனாகக் கொடுப்பது அது. வாழ்நாளில் புறக்கணிக்கப்பட்ட எல்லோரும் பின்னாளில் போற்றப்பட்டுவிடவில்லை. பின்னாளில் வரும் புகழ், பட்ட துன்பத்துக்கு ஈடும் ஆகாது. சோழமண்டலத்தின் தொடக்க காலத்தவரான கே. ராமானுஜம், கனவு மாளிகைகளும் விசித்திர உயிர்களும் நெருக்கமாக நிறைந்த மைச்சித்திரங்களை வரைந்தவர், 1973-இல் முப்பதை ஒட்டிய வயதிலேயே மறைந்துவிட்டார். அந்தச் சித்திரங்களை இன்று எவ்வளவு கொண்டாடினாலும் அவர் தனிமையில் பட்ட வேதனையின் ஒரு நாளைக்கூட அது குறைக்கவில்லை. துன்பத்தைக் கலையின் முதலீடாக எண்ணும் பேச்சுகளை நம்பாதீர்கள். மனம் மிகவும் தாழ்ந்துபோகும் நாளில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள், வரைவது காத்திருக்கும்.

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸைப் பற்றி மட்டும் சொல்லத் தோன்றுகிறது, அதுவும் அவருடைய புகழுக்காக அல்ல. 1817 டிசம்பரில், 22 வயதில், தம் சகோதரர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஐயங்களுக்கும் புதிர்களுக்கும் நடுவே, உண்மையையும் காரணத்தையும் உடனே பற்றிக்கொள்ளும் பதற்றம் இல்லாமல் இருக்க முடிகிற ஒரு திறனைப் பற்றி அவர் எழுதினார். பெரும் படைப்பாளிக்கு அதுதான் வேண்டும் என்றார். மருத்துவம் படித்துத் தொழில் செய்ய உரிமம் பெற்ற பிறகு அதை விட்டுவிட்டு வந்தவர். அந்த ஆண்டு வெளிவந்த முதல் தொகுப்பு விற்கவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய நெடுங்கவிதையை விமர்சகர்கள் இழிவாக எழுதினார்கள். அந்த 1818 அக்டோபரில் தம் தம்பிக்கு எழுதுகையில், என் மரணத்துக்குப் பின் ஆங்கிலக் கவிஞர்களின் வரிசையில் நான் இருப்பேன் என்று நினைக்கிறேன் என்று எழுதினார். மூன்று ஆண்டுகள்கூட முழுதாகக் கழியவில்லை. 1821 பிப்ரவரியில், ரோமில், காசநோயில், 25 வயதில் இறந்தபோது, கல்லறையில் தம் பெயரைப் பொறிக்க வேண்டாம், நீரில் எழுதப்பட்ட பெயரை உடையவன் இங்கே கிடக்கிறான் என்று மட்டும் பொறித்தால் போதும் என்று சொல்லிவைத்திருந்தார். நீர்மேல் எழுத்து என்று நாம் சொல்வோமே, அதே சொல்தான்.

இந்த இரண்டில் எது உண்மை என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுவோம். அவர் எழுதிய பொழுதில் இரண்டுமே உண்மையல்ல. அவரால் இரண்டையுமே தெரிந்துகொண்டிருக்க முடியாது. நம்பிக்கையோடு சொன்னதும் ஊகம், உடைந்துபோய்ச் சொன்னதும் ஊகம். ஆனால் அந்த இரண்டு ஊகங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1819-ஆம் ஆண்டின் சில மாதங்களில், அவர் தம்முடைய மிகச் சிறந்த கவிதைகளை எழுதினார். அவற்றை எழுதுவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது தம்மைப் பற்றிய தெளிவல்ல. அன்று எழுத வேண்டியிருந்த வரியைப் பற்றிய கவனம் மட்டுமே.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதி முடிக்கிறேன். அவர் உங்கள் ஓவியங்களைப் பார்ப்பதில்லை என்பதை அவருடைய அவநம்பிக்கையாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும் ஓர் ஊகம்தான். தாம் எழுதிய எழுத்துகள் சுண்ணாம்புக்கு அடியில் போனதைத் தம் மகளின் ஓவியத்தில் பார்ப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கிறேன். பேனர்க் கூடத்தில் கட்டம் போட்டவர் அவர். கைக்குள் அடங்கும் ஒரு புகைப்படத்தில் கட்டம் கட்டி, அதே எண்ணிக்கையில் துணியில் பெரிய கட்டங்கள் கட்டி, ஒவ்வொரு கட்டமாக வண்ணம் நிரப்பிக்கொண்டு போகும் வேலை அது. சாரத்தில் நின்று வரைபவருக்குத் தம் மூக்குக்கு எதிரே கன்னத்தின் ஒரு பகுதியோ புருவத்தின் பாதியோதான் தெரியும்; முகம் வந்திருக்கிறதா என்பதைக் கீழே இறங்கித் தெருவைக் கடந்து போய் நின்றுதான் பார்க்க முடியும். முகம் தெரியாமல் நாள்கணக்கில் அந்தக் கட்டங்களுக்குள் வேலை செய்தவர்களின் மனம் எப்படி இருந்தது என்று நீங்கள் என்னிடம் கேட்பதைவிட அவரிடம் கேட்பது நல்லது.

அதற்கு முன் இன்னொன்றைக் கேளுங்கள். சுவரில் நூலடித்து எழுதுபவர்களுக்கு, ஒரு சுழியைப் பார்த்தாலே அது யாருடைய கை என்று தெரிந்துவிடும். உங்கள் மூன்றாவது ஓவியத்தில் வெளியே வந்திருக்கும் அந்த ‘ழ’ உண்மைச் சுவர் ஒன்றிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அதை எழுதியது அவரா, கூட்டாளிகளில் ஒருவரா என்று கேளுங்கள். விடை சொல்ல வேண்டுமென்றால் அவர் அந்த ஓவியத்தின் முன்னால் வந்து நின்று பார்த்தாக வேண்டும். என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.